இடிமழை நேரத்தில் எந்தக் கணிப்பை நம்புவது?

மலாக்காவின் பாயா ரும்புட்டில் மேற்கு வானம் கறுத்து மழை வந்தால், சில நிமிடங்களில் பத்து பெரெண்டாம் விமான நிலையத்திலும் கொட்டத் தொடங்கலாம். அங்கே விமானம் ஓட்டப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு கேள்விகள் முக்கியம்: பார்வைத் தூரம் எவ்வளவு குறையும், மேகம் எவ்வளவு தாழும்? கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வை வேண்டும்.

பலரும் முதலில் தேடுவது மாதச் சராசரியை. அதை ஒதுக்கிவிடுங்கள். மலாக்காவில் பெரும்பாலான மணி நேரங்களில் பார்வை நன்றாகவே இருப்பதால், அரை மணி நேரக் கொட்டுமழையின் சரிவு சராசரிக்குள் மறைந்துபோகும்.

அதைவிட நல்லது, இடி இடித்த நேரங்களை மட்டும் பிரித்தெடுத்த பழைய பதிவுகள். விமான நிலையம் அவ்வப்போது வெளியிடும் வானிலை நிலவரமான மெட்டார் அறிக்கைகளைப் பத்தாண்டுக்குச் சேர்த்து, பருவவாரியாகவும் மணிவாரியாகவும் பிரியுங்கள். ஏனென்றால் நம் கரையில் இடிமழை இரண்டு வகை. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று விடியலிலோ காலையிலோ தாக்கும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் நிலம் சூடேறிப் பிற்பகலில் இடிப்பது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் கணக்கு எதற்கும் உதவாது.

கணக்கெடுக்கும்போது கவனம் தேவை. மெட்டார் நேரம் உலக நேரம். எட்டு மணி கூட்டினால்தான் மலேசிய நேரம். 08 என்றிருந்தால் நமக்கு மாலை 4 மணி. இரண்டு மணி நேரம் நீடித்த ஒரே மழை பல அறிக்கைகளில் வரும். அறிக்கைகளை எண்ணாமல் மழைகளை எண்ணுங்கள். புகைமூட்ட நாட்களையும் தனியே வையுங்கள். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. அந்த நாட்களில் பார்வை மங்கியதற்கு இடிமழை மீது பழி போட முடியாது.

மேகத்தளம் இன்னும் சிக்கலானது. வானத்தில் பாதிக்கு மேல் மேகம் மூடினால்தான் அது மேகத்தளமாகக் கணக்கில் வரும். இங்கே இடிமேகம் 1,600 அடியில் 'சிறிதளவு' என்றும், அடுத்த பெரிய மூட்டம் 14,000 அடியில் என்றும் அறிக்கை வருவதுண்டு. எண்ணைப் பார்த்தால் தாராளம்; ஆனால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இடிமேகம் நிற்கிறது. எனவே 'சிபி' (இடிமேகம்) என்று குறித்த மேகங்களின் அடித்தளத்தைத் தனிப் பட்டியலாக்குங்கள். என் பார்வையில் நம் ஊர் மாணவருக்கு மேகத்தளத்தைவிட மழையால் சரியும் பார்வைத் தூரமே முதல் ஆபத்து.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பழைய பதிவு வேண்டாம். ரேடார் படமும் கடைசி மெட்டாரும் போதும். அதற்கு மேல் ஆறு மணி நேரம் வரை வானிலைத் துறையின் டாஃப் முன்னறிவிப்பை எடுத்து, அதில் 'டெம்போ' (தற்காலிக மாற்றம்) என்று வரும் பகுதியை உங்கள் பதிவோடு ஒப்பிடுங்கள். மறுநாள் பயிற்சிக்கு நேரம் குறிக்கப் பதிவே சிறந்த துணை.

முன்னறிவிப்பும் பதிவும் முரண்பட்டால் இரண்டில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பறக்கத் தொடங்கிய மாணவர் என்றால், அன்று புறப்பட வேண்டாம்.