பெட்டிக்குள் அடங்காத மார்ஷல்

1966ஆம் ஆண்டு லண்டன் டெக்கா ஸ்டுடியோவில் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுக்காக வாசித்த எரிக் கிளாப்டன், தன் மார்ஷல் ஆம்பை மேடையில் வைக்கும் சத்தத்திலேயே வைப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். கிட்டாரை அடக்கி வாசிக்கச் சொல்வதுதான் அன்றைய ஸ்டுடியோ வழக்கம். இசைத்தட்டு வெளிவந்ததும், விளிம்பில் கரகரத்து நீண்டு நிற்கும் அந்த நாதத்தைத் தேடி ஒரு தலைமுறையே கிளம்பியது. அந்தத் தேடல் இன்னும் ஓயவில்லை. இன்று அதை உள்ளங்கை அளவுப் பெட்டியில் தருவதாகச் சொல்லும் ஓவர்டிரைவ் பெடல்கள் ஏராளம். அவற்றில் பல நல்ல கருவிகள். ஆனால் அவற்றைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளால் இளைஞர்கள் பணத்தை இழக்கிறார்கள். பெடல் வாங்கியும் அந்த ஒலி வரவில்லை என்றால் தன் கைதான் சரியில்லை என்று மனம் தளர்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நம்பிக்கை: ஆம்பின் சர்க்யூட்டை அப்படியே சுருக்கிப் பெடலுக்குள் வைத்திருக்கிறார்கள்.

எல்லாப் பெடலிலும் அப்படி இல்லை. மார்ஷல் நிறுவனமே 1991இல் ப்ளூஸ்பிரேக்கர் என்ற பெடலை வெளியிட்டது. கிளாப்டன் வாசித்த ஆம்பின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். உள்ளே இருப்பதோ ஓர் ஆப்-ஆம்ப் சிப்பும் சில டையோடுகளும். ஆம்பின் சர்க்யூட்டுக்கும் அதற்கும் உறவு குறைவு. காதுக்கு எட்டும் குணத்தை வேறு வழியில் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு வகை உண்மையிலேயே சர்க்யூட்டைப் பின்பற்றுகிறது. ஆம்பில் ஒவ்வொரு வால்வ் இருந்த இடத்திலும் ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டரை வைப்பார்கள். கேட்டலின்பிரெட் நிறுவனத்தின் ‘டர்ட்டி லிட்டில் சீக்ரெட்’ இந்த வழியில் வந்ததுதான். பேஸ், மிடில், டிரெபிள் பகுதியில் இருப்பவை வெறும் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும்தான் என்பதால், அதை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்துவிடலாம். டிரான்சிஸ்டர்தான் தொல்லை. ஒரே எண் போட்ட இரண்டு ஜேஃபெட்டுகள் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இப்படிப்பட்ட பெடலைத் திறந்தால் டிரான்சிஸ்டர்களை ஒட்டிச் சின்னஞ்சிறு திருகுகள் தெரியும். ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் உரிய வோல்டேஜை மீட்டர் வைத்துப் பார்த்துத் திருகி நிறுத்தியிருப்பார்கள். ஆர்வத்தில் அவற்றைத் திருப்பிவிடாதீர்கள், ஒலி சிறுத்துப்போகும்.

இத்தனை செய்தும் வந்து சேர்வது ஆம்பின் முன்பாதி மட்டுமே. வால்யூமை முழுக்க ஏற்றும்போது பவர் வால்வுகள் திணறுகின்றன, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு ஒலியை அழுத்துகிறது. ரெக்டிஃபையர் வால்வ் உள்ள ஆம்பில், தந்தியைப் பலமாக மீட்டிய கணத்தில் வோல்டேஜே சற்று இறங்கிப் பிறகு மீள்கிறது. அதனால்தான் அடித்த சுரம் முதலில் அமுங்கி, அடுத்து மலர்வது போல் கேட்கிறது. 9 வோல்ட் பெடல் இதன் சாயலைக் காட்டலாம்; விரலுக்குக் கிடைக்கும் அந்த உணர்வை முழுதாகத் தராது.

நம்பிக்கை: மார்ஷல் அசல், பெடல் நகல். நகலுக்கு மதிப்பில்லை.

முதல் மார்ஷலான ஜேடிஎம்45, ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஜிம் மார்ஷலும் அவருடைய கடையில் வேலை பார்த்தவர்களும் 1960களின் தொடக்கத்தில் அந்த அமெரிக்க ஆம்பின் சர்க்யூட்டை எடுத்து, பிரிட்டனில் கிடைத்த உதிரிப்பாகங்களை வைத்துக் கட்டினார்கள். முதல் வால்வ் மாறியது. 10 அங்குல ஸ்பீக்கர்களின் இடத்துக்கு 12 அங்குலம் வந்தது. இவ்வளவு மாற்றமே புதியதொரு ஒலியைப் பிறப்பித்தது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு: பேஸ்மேன் பேஸ் கிட்டாருக்கென்று செய்யப்பட்ட ஆம்ப். நகலெடுக்கும்போது விலகிப்போன இடத்தில்தான் ராக் இசையின் ஒலி பிறந்தது என்பதால், பெடலை நகல் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை: ‘மார்ஷல் 1959’ என்றால் 1959ஆம் ஆண்டு ஒலி.

இல்லை. அது பட்டியல் எண். 1959இல் மார்ஷல் ஆம்ப் ஒன்றுகூட உலகில் கிடையாது. 1962 என்ற மாடலுக்கும் இதே விளக்கம்தான்.

நம்பிக்கை: கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் டியூப் ஸ்க்ரீமர் பெடல் வைத்திருந்தார், நானும் வாங்கினால் போதும்.

1979 வாக்கில் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமரில் வால்வ் கிடையாது. சிப் ஒன்றும் டையோடுகளும்தான் அலையின் முகட்டை மழுக்குகின்றன. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயின் குறையும்படி அமைத்திருப்பதால், பேஸ் குழம்பாமல் நடுப்பகுதி முன்னே வருகிறது. வாகன் இதைத் தனியாக நம்பி வாசிக்கவில்லை. ஏற்கெனவே உரக்க ஒலித்துக்கொண்டிருந்த ஃபெண்டர் ஆம்புகளை மேலும் உந்தித் தள்ளத்தான் பயன்படுத்தினார். ஆம்பை உந்துவதும் ஆம்பாகவே நடிப்பதும் வேறு வேறு வேலைகள். வாங்கும் பெடல் எந்த வேலைக்கு என்று முதலில் கேளுங்கள்.

உள்ளே நிஜமான வால்வ் இருந்தால் தேவலை என்பவர்களும் உண்டு. ஆம்பில் அதே வால்வ் 200, 300 வோல்ட் சப்ளையில் இயங்குகிறது. சில பெடல்களில் அதற்குக் கிடைப்பது மிகக் குறைந்த வோல்டேஜ். ஒலி நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது ஆம்பின் ஒலி அல்ல.

நம்பிக்கை: நல்ல பெடல் என்றால் எதில் செருகினாலும் அந்த ஒலி வரும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். பெடலிலிருந்து நேராக மிக்சருக்கோ சவுண்ட் கார்டுக்கோ வயரைப் போட்டு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்: கொசு ரீங்கரிப்பது போல் காதைக் குடையும். பெடலில் குறையில்லை. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர், ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாக வெட்டிவிடும். ஓவர்டிரைவில் பிறக்கும் கூர்மையான ஓசைகள் அங்கேதான் வடிகட்டப்படுகின்றன. கிளாப்டனின் இசைத்தட்டில் நாம் கேட்பதும் ஸ்பீக்கர் வழியாக வந்து மைக்கில் ஏறிய ஒலியே. ஆம்ப் இல்லாதவர்கள் பெடலுக்குப் பின்னால் ஸ்பீக்கர் சிமுலேட்டர் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

சத்தமும் ஒரு காரணம். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் காதுக்கு மங்கிப்போகும் என்று ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து சொன்னார்கள். அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு வைக்கும் வால்யூமில், நிஜமான பழைய மார்ஷலே இருந்தாலும் அந்த இசைத்தட்டு போல் ஒலிக்காது.

நம்பிக்கை: 9 வோல்ட் பெடலுக்கு 18 வோல்ட் கொடுத்தால் ஆம்பை நெருங்கும்.

தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் கொடுங்கள். ஒலி சற்று விரியும், உடைவது குறையும், அவ்வளவே. அனுமதிக்காத பெடல் எரிந்துபோகலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரைக் கொண்டுபோங்கள். வீட்டில் உள்ளதைப் போன்ற ஆம்பில், வீட்டில் வைக்கும் வால்யூமில் வாசித்துப் பாருங்கள். பெடலை மாற்றாமல் கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். கரகரப்பு விலகி ஒலி தெளிந்தால் நல்ல பெடல், எந்த ஆம்பின் பெயர் அதில் இருந்தாலும் சரி. ஏற்கெனவே ஒரு பெடல் வைத்திருந்து இரண்டாவதற்குப் பணம் சேர்க்கிறீர்கள் என்றால், அந்தப் பணத்தில் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.