இழுவைத் தளை

யாப்பிலக்கணம் பயில்வோர் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எனச் செய்யுளுறுப்புக்களை முறையே கற்பர். அவற்றுள் தளை என்பது, நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் கூடுங் கூட்டம். சீர் ஒவ்வொன்றும் செம்மையாக இருப்பினும் ஓரிடத்தில் தளை தட்டுமாயின் வெண்பா வெண்பாவாகாது. இதனை யாம் வகுப்பறையில் ஏட்டிற் கற்றோம். பின்னர்ப் பெரும்பாறை மலைச்சரிவிற் சேற்றில் அமிழ்ந்த ஜீப் ஒன்றின் முன்னே நின்று இரும்பிற் கற்றோம். அவ்விரண்டாம் பாடத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவன் பட்டறைப் பொருளை எழுதலாமோ என வினவுவார்க்கு, 'ஷாக்கிள்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தளை, விலங்கு என்பனவே பொருள் என்று விடை கூறுவாம்.

பெரும்பாறை, திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலையிலுள்ள ஊர். செம்பட்டி, சித்தையன்கோட்டை, சித்தரேவு வழியே மலையேறித் தாண்டிக்குடி செல்லும் சாலையில் அஃது அமைந்துள்ளது. காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை அங்குள்ளாரின் வாழ்வு. தார்ச்சாலை ஊர்வரை செல்லும்; அதற்கப்பால் தோட்டங்களுக்குச் செல்பவை மண்தடங்களே. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது அத்தடங்கள் களிச்சேறாகிவிடும். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் அம்மழையை ஒட்டியே வருதலின், வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்தலும் இயலாது. ஆதலின் அங்கு ஜீப் சேற்றிற் புதைதலும், மற்றொன்று வந்து இழுத்தலும் புதுமையல்ல.

அவ்வாறு இழுத்த ஒரு நாளை யாம் மறவோம். எம் உறவினர் ஒருவரது ஜீப் மூட்டைகளோடு புதைந்தது. அதன் முன்பம்பரில் வளையம் ஒன்று இருந்தது. கட்டடத்திற்கு இடும் முறுக்குக் கம்பியை வளைத்து, இருமுனையையும் பம்பர்த் தகட்டில் வெல்டிங் செய்து அமைத்தது அது. அதில் இரும்பு வடத்தை மாட்டி, மற்றொரு ஜீப்பால் ஒருமுறை இழுத்தும் வண்டி அசையவில்லை. இழுக்கும் வண்டியைச் சற்றே பின்னுக்கு எடுத்து, வடம் தொய்ந்து கிடக்க, வேகமாக முன்னே செலுத்தினர். வெடிபோல் ஓரொலி கேட்டது. வளையம் தகட்டோடு பிய்ந்து பறந்து, இழுத்த வண்டியின் பின்படுதாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே சென்று, இருக்கையின் சாய்மானத்தை உடைத்தது. அவ்விருக்கையில் அமர்ந்திருந்த எம் தம்பி, சக்கரத்தடியிற் கல்லிடுவதற்காக அதற்குச் சற்று முன்னரே இறங்கியிருந்தான். அன்று எவரும் யாதொன்றும் பேசவில்லை. வடம் அறவில்லை; வண்டி இரண்டும் முறியவில்லை; கெட்டது கூட்டம் ஒன்றே.

பின்னர் அவ்வண்டியை மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றிற் கொண்டு விட்டோம். "எத்தனை டன் தாங்கும் ஷாக்கிள் வாங்கலாம்?" என்று யாம் கேட்க, அங்கிருந்த முதிய மேஸ்திரியார், "தம்பி, ஷாக்கிளின் எடையைக் கேட்கிறீர்கள். அதை எங்கே மாட்டப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். விடுமுறை முழுவதும் அவரிடம் இருந்து கற்றவற்றையும், பின்பு கணக்கிட்டு அறிந்தவற்றையும் கீழே தொகுத்துரைப்பாம்.

விசையின் அளவு

மூட்டையும் ஆளுமாக 2 டன் எடையுள்ள ஜீப் ஒன்றைக் கொள்வோம். சேறு சக்கரமட்டம் வரை ஏறியிருப்பின் வண்டியின் எடையளவு விசையும், மட்கார்டு வரை ஏறியிருப்பின் அதன் இருமடங்கும் இழுப்பதற்கு வேண்டும் என்பது மீட்புப் பணியிற் பழகினோர் கொள்ளும் தோராயக் கணக்கு. தடம் மேல்நோக்கிச் சென்றால் அதுவும் சேரும். நான்கடி செல்ல ஓரடி உயரும் சரிவாயின், எடையில் நாலில் ஒரு பங்கு, அஃதாவது அரை டன் கூடும். ஆகவே சக்கரமட்டம் புதைந்த எம் ஜீப்புக்கு நிதானமாக இழுப்பினும் இரண்டரை டன் வேண்டும்.

வெட்டியிழுத்தால் கணக்கு வேறாகும். 2 டன் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, தொய்ந்த வடம் விறைத்தவுடன் 10 சென்டிமீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுமாயின், அவ்விணைப்பின்மீது சராசரியாகவே ஏறக்குறைய 8 டன் விசை தாக்கும். உச்சம் அதனினும் மிகும். இரும்பு வடமும் சங்கிலியும் நீளாமையின் இத்தாக்கு முழுவதும் கூட்டத்தின்மேல் விழும். நைலான் இழுபட்டை நீண்டு கொடுத்தலின் தாக்கு மிகக் குறையும். எனினும் நீண்ட பட்டை நாணேற்றிய வில்லைப் போன்றது. கூட்டம் பிய்ந்தால் அப்பட்டையே இரும்புத் துண்டை எறிந்துவிடும். எப்பட்டையைக் கொள்ளினும் கூட்டம் உறுதியாயிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகாத இடங்கள்

பம்பர் வண்டியின் எலும்பன்று; அது மேற்போர்வை. நெருங்கிய தகட்டில் ஒட்டிய வளையம் தகட்டையே உரித்துக்கொண்டு வரும். முறுக்குக் கம்பி சுமைதாங்கும் வளையமாவதற்குச் செய்யப்பட்டதன்று; வளைத்த இடத்திலும் வெல்டிங் செய்த ஓரத்திலும் அது விரிசலுறலாம். அச்சு, ஸ்டீயரிங் தண்டு ஆகியவற்றிற் கட்டி இழுப்பதும் தீது. பின்னே தொடர்வண்டி பூட்டும் உருண்டைத் தலையில் ஒருபோதும் இழுபட்டையை மாட்டலாகாது. ஆஸ்திரேலிய நாட்டில் அவ்வாறு மாட்டியிழுத்து, உருண்டை முறிந்து பறந்து உயிரிழந்தோர் உண்டு.

ஏற்ற இடம் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டமே. பழைய ஜீப்பு முதல் பொலேரோ, தார் வரை இவ்வகை வண்டிகள் ஏணிபோன்ற அடிச்சட்டத்தின்மேல் அமைந்தவை. இருபுறமும் செல்லும் நெடுஞ்சட்டங்களின் முனையே இழுவிசை தாங்கத்தக்கது.

செய்யும் முறை

மேஸ்திரியார் காட்டிய அமைப்பில் விசை தாங்கும் வெல்டிங்கே இல்லை. 20 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுப் பட்டை ஒன்றை நெடுஞ்சட்டத்தின் பக்கச்சுவரோடு சேர்த்து நீளவாக்கில் வைத்து, போல்ட்டால் பிணைத்து, முனையை மாத்திரம் பம்பருக்கு வெளியே நீட்டுவது அவ்வமைப்பு. பட்டையின் நீளம் ஓரடியேனும் இருக்கவேண்டும். நீட்டிய முனையில் துளையிட்டு ஷாக்கிளைக் கோக்கவேண்டும்.

ஷாக்கிளாவது அடித்துருவாக்கிய எஃகால் லாடவடிவிற் செய்த வளையம். அதன் இரு காதுகளின் ஊடே குறுக்காணி ஒன்று செல்லும். 19 மில்லிமீட்டர் ஷாக்கிளின்மேல் 4.75 டன் என்று பொறித்திருக்கும். அஃது அது முறியும் எடையன்று. நாள்தோறும் ஏற்றத்தக்க எடை. பொறிப்பில்லாத ஷாக்கிளை வாங்கலாகாது. இதன் குறுக்காணி 22 மில்லிமீட்டர் பருமன். ஆதலின் பட்டையில் 25 மில்லிமீட்டர்த் துளை இடுதல் பொருந்தும். ஷாக்கிளின் காதுகளுக்கிடையே எஞ்சும் இடைவெளியை இருபக்கமும் வாஷரிட்டு நிரப்புக. இன்றேல் ஷாக்கிள் ஒருபுறம் சாய்ந்து இழுபடும்.

துளைக்கும் பட்டையின் முனைக்கும் இடையே விடும் இரும்பே உயிர்நிலை. அங்கே 25 மில்லிமீட்டர் விட்டால், ஆணி அவ்விரும்பைக் கிழித்து வெளிவர இரு கோடுகளில் அறுக்கவேண்டும். ஒவ்வொன்றும் 20-க்கு 25. இரண்டும் கூடி 1000 சதுர மில்லிமீட்டர். கட்டடங்களுக்கு வழங்கும் சாதாரண மென்னெஃகு 14 டன்னளவிலேயே அங்கு நெளியத் தொடங்கும். 10 மில்லிமீட்டர்ப் பட்டையாயின் இவ்வலிமை பாதியாகும். முனையில் 10 மில்லிமீட்டரே விட்டால் இன்னும் குறையும். துளையைத் துரப்பணத்தால் இடுக. கேஸ் கட்டிங்கால் ஊதிய துளையின் ஓரம் வெட்டுண்டு கடினமாகி, விரிசலுக்கு வித்தாகும். கூர்முனைகளை அரத்தால் மழுக்குக.

போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைப் படித்தறிதல் வேண்டும். 8.8 என்றிருப்பின் முதலெண் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வலிமையைக் குறிக்கும், 4.6 என்றிருப்பின் அதிற் பாதியே. 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டு ஒன்று ஏறக்குறைய 4 டன்னில் அறும். ஆகவே பட்டையொன்றிற்கு நான்கு போல்ட்டேனும் வேண்டும். அவற்றிடையே 36 மில்லிமீட்டருக்குக் குறையாத தூரம் விடுக. நெடுஞ்சட்டத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் துளையிடலாகாது. வண்டியின் பளுவை வளையாது தாங்குவன அவ்விரு புறங்களே. பக்கச்சுவரில் மாத்திரம் இடுக. சட்டம் உள்ளே பொள்ளலாயிருப்பின் போல்ட்டை முறுக்க முறுக்க அது நசுங்கும்; ஆதலின் உள்ளே குழாய்த்துண்டு ஒன்றை இட்டு அதனூடே போல்ட்டைச் செலுத்துக. சுவர் சில மில்லிமீட்டர்க் கனமே உடையதாகலின், மறுபுறத்திலும் தகடு ஒன்று வைத்து விசையைப் பரப்புக.

வேறு வழியின்றி வெல்டிங் செய்ய நேரின், பெயின்டும் துருவும் நாகப்பூச்சும் முற்றும் நீங்கத் தேய்த்தல் முதற்கடன். நாகப்பூச்சு எரிந்தெழும் புகை நெஞ்சுக்கும் தீங்கு. பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுக. எண்ணெய்க்குழாயின் அருகே தீப்பொறி விழாது காக்க. ஷாக்கிளையும் 8.8 போல்ட்டையும் ஒருபோதும் வெல்டிங் செய்யலாகாது. பக்குவப்படுத்திய எஃகு அச்சூட்டாற் பக்குவம் இழக்கும்.

ஒரு நெடுஞ்சட்டத்தை மட்டும் இழுத்தால் ஏணி கோணும். ஆதலின் இருபுறமும் ஒவ்வொன்று அமைத்து, இரண்டையும் ஒரு பட்டையால் இணைத்து நடுவில் இழுத்தல் நன்று. அப்பட்டையின் இருகைகளுக்கும் இடைக்கோணம் 60 பாகையாயின் ஒவ்வொரு கையும் மொத்த விசையில் 58 விழுக்காடு தாங்கும். 120 பாகையாக விரிந்தாலோ ஒவ்வொன்றும் முழுவிசையையும் தாங்கவேண்டும். பட்டை குறுகக்குறையச் சுமை மிகும் என்பதை நினைவிற் கொள்க.

சோதனையும் காவலும்

செய்து முடித்தபின் மேஸ்திரியார் போல்ட்டிடங்களிலும் துளையைச் சுற்றியும் சுண்ணாம்பு பூசினார். பின்னர் வண்டியைச் சமநிலத்திற் பிணைத்து, எவரும் அருகில்லாதபோது மெல்ல மெல்ல இழுக்கச் செய்தார். எஃகு நெளியுமிடத்துச் சுண்ணாம்பு உதிரும் என்றார். ஓரிடத்தில் உதிர்ந்தது, அங்கே மறுபுறத் தகடு சரியாகப் படியவில்லை. அதனைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் பூசி இழுத்த பின்பே வண்டியைத் தந்தார். வெண்பாவை அலகிட்டுப் பார்த்தலும் இதுவும் ஒன்றே என எமக்குத் தோன்றிற்று.

இழுக்கும்போது கொள்ளவேண்டிய காவல் சிலவே. முதலில் மண்வெட்டியாற் சேற்றை அகற்றுக. அகற்றிய ஒவ்வொரு கூடையும் விசையைக் குறைக்கும். வடத்தின் நடுவே நனைந்த சாக்கைப் போர்த்துக. அறுந்தால் அது வேகத்தைத் தணிக்கும். இரு வடங்களை நடுவில் ஷாக்கிளால் இணைத்தல் ஆகாது. அறுந்தவுடன் அவ்விரும்பு எறிகல்லாகும். பக்கவாட்டில் இழுத்தலையும் தவிர்க்க; நேர்ப்பக்கமாக இழுபடும் ஷாக்கிள் தன் வலிமையிற் பாதியையே தரும். ஓட்டுநர் ஒழிந்த அனைவரும் வடத்தின் நீளத்திற்கு ஒன்றரை மடங்கு அப்பால், இழுபடும் நேர்கோட்டினின்றும் விலகி நிற்க. பின்னிருக்கையில் எவரையும் அமர்த்தலாகாது.

சட்டத்தையும் கருதுதல் வேண்டும். வண்டி செய்தோர் வகுத்த அமைப்புக்கு மாறாக அதனைத் திருத்தலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. அதனைக் காட்டியே, பம்பருக்கு முன் பூட்டும் இரும்பு வேலிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு நடுவணரசு 2017-இல் மாநிலங்களைக் கேட்டது. துருத்திநிற்கும் இரும்பு வழிப்போக்கர்க்கு ஊறு விளைக்கும். ஆகவே பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்குச் செய்தோரே வைத்த இழுகொக்கி உண்டாயின் அதனையே நாடுக. இல்லையாயின் வாகன ஆய்வாளரைக் கலந்து செய்க. சோதித்து எடை பொறித்த இணைப்பு கடையிற் கிடைக்குமாயின், வீட்டில் செய்ததனினும் அதுவே மேல் என்பதையும் மேஸ்திரியார் மறையாது கூறினார்.

சென்ற கார்த்திகையில் அதே தடத்தில் அதே ஜீப் மீண்டும் புதைந்தது. சேறகற்றி, சாக்குப் போர்த்து, வடம் தொய்யாமல் மெல்ல இழுத்தனர், வண்டி ஏறிற்று. எம் தம்பி நெடுந்தூரம் விலகி, சில்வர் ஓக் மரத்தின் பின்னே நின்றான். போகச் சொல்லுமுன்னரே போய் நின்றான். பழைய வளையத்தை எம் உறவினர் எறிந்துவிடவில்லை. காப்பிக் கிடங்கின் கதவருகே ஆணியில் தொங்கவிட்டிருக்கின்றார். வண்டி எடுக்கச் செல்வோர் அனைவரும் அதனைக் கண்டே செல்லவேண்டும்.