சேங்கொட்டையும் எலியின் மூட்டும்

கேள்வி: என் அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். தாணுமாலயன் கோயில் பிரகாரம்கூடச் சுற்ற முடிவதில்லை. சேங்கொட்டை மருந்து எலிகளுக்கு மூட்டுவீக்கத்தைக் குறைத்ததாகப் படித்தேன். அவர் எடுத்துவரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சுசீந்திரம்

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள், சகோதரி.

நீங்கள் படித்தது உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், பாலில் பக்குவப்படுத்திய சேங்கொட்டையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் குறைந்தது. ஆனால் அந்த எலிகளுக்கு நோய் வந்த விதத்தைப் பாருங்கள். செத்த காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் கலந்து பாதத்தில் ஊசி போடுவார்கள். சுமார் இரண்டு வாரத்தில் மற்றக் கால்களும் வீங்கும். மூட்டின் உள்சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கும். அம்மாவின் விரல்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

வேறுபாடு இனிமேல்தான். எலியின் அழற்சி சில வாரங்களில் தானே தணியத் தொடங்கும்; அம்மாவுடையது ஆண்டுக்கணக்கில் தொடரும். அதோடு, பாத வீக்கத்தை அளப்பது சுலபம்; ஆனால் அது மட்டும் போதாது. அடுப்பை அணைத்தாலும் கருகிய சோறு கருகியதுதான்; அதுபோல வீக்கம் வற்றினாலும் அரித்த எலும்பு அரித்ததுதான். மூட்டு பிழைத்ததா என்று எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும்தான் சொல்லும்.

விலங்குச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பது சுண்டெலிகளின் மூட்டைக் காத்ததாக 1992இல் தெரிந்தது; அதே புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப், லண்டனில் நோயாளிகளிடமும் பலன் தந்த பிறகே நமக்கு வந்தது. சேங்கொட்டைக்கு அப்படிப்பட்ட சான்று இன்னும் தேவை. சுத்தி (நச்சு நீக்கம்) செய்யாத கொட்டை தோலைக் கொப்புளிக்க வைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வலி அடங்கவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். சித்த மருந்து எடுப்பதானால் இரு மருத்துவர்களுக்கும் அது தெரிந்திருக்கட்டும்.