அடுத்த வீட்டார் தூங்கும் நேரத்துப் பாட்டுகள்

ஒஸ்லோ ஃபியோர்டின் மேற்குக் கரையில் ஹோர்டன் என்றொரு சிற்றூர். 1999-இல் அங்கே பிறந்த மாரி உல்வென், தன் படுக்கையறையில் தானே எழுதி, தானே கிற்றார் வாசித்து, தானே பதிவுசெய்த பாட்டுகள் 'கேர்ள் இன் ரெட்' என்ற பெயரில் 2018-இல் உலகெங்கும் பரவின. நோர்வேயின் பொது ஒலிபரப்பான என்ஆர்கே, கம்பெனி ஒப்பந்தம் இல்லாத இசைக்காரருக்காக 2000-இலிருந்து 'உரோர்ட்' என்ற மேடையை நடத்திவருகிறது. உள்நாட்டில் அவரைப் பலரும் முதலில் கேட்டது அதன் வழியாகத்தான். 2021-இல் வந்த முழு ஆல்பத்துக்கு பெர்கன் நகரத் தயாரிப்பாளர் மத்தியாஸ் தேயெஸ் துணை நின்றார். ஒலி பெரிதாகி, தெளிந்து, அழகாகவே இருக்கிறது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது அந்த முதல் பாட்டுகளைத்தான். மூச்சு கேட்கும். கம்பியில் விரல் உரசுவது கேட்கும். பாடுகிறவர் நம் காதோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஒஸ்லோவின் குரூருட்டாலன் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில் நான் தமிழில் ஒரு ஆல்பம் பதிவுசெய்து முடித்திருக்கிறேன். பாட்டு கையில் இருந்தும், ஸ்டூடியோ வாடகைக்குக் காசு சேரட்டும் என்று காத்திருக்கும் நம் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் இரவு பதினொன்றுக்கு மேல் சத்தம் கூடாது. ஒஸ்லோவில் பெரும்பாலான குடியிருப்புகளில் ஏறக்குறைய இதே விதிதான். வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையைப் படுக்கவைத்த பிறகு பாடக் கிடைக்கும் நேரமோ பத்தரை. அதனால் என் பாட்டெல்லாம் தாழ்ந்த குரலில்தான் பிறந்தன. முதலிலேயே அப்படி முடிவெடுத்து, சுருதியையும் இரண்டு கட்டை இறக்கி எழுதினேன். உச்சத்தில் பாட எழுதிய பாட்டை இரவில் அடக்கிப் பாடினால் தொண்டை நெரிபட்டதுபோல் இருக்கும். தாழ்ந்த குரலுக்கென்றே எழுதிய பாட்டில் அந்த நெருக்கடி இல்லை. வீடு எவ்வளவு சத்தத்தைத் தாங்கும் என்று பார்த்துவிட்டு மெட்டுப் போடுங்கள். நான் சொல்லக்கூடியவற்றில் இதுதான் முதன்மையானது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருபவை.

தாழ்ந்து பாடினால் மைக்கை நெருங்க வேண்டும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும்; அறையின் இரைச்சலோ கூடாது. புதுக் கட்டடங்களில் காற்றோட்டக் குழாய் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது. அதனோடு போராடுவதைவிட மைக்கை நான்கு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுவருவது சுலபம். மலிவான கண்டென்சர் மைக் வாங்காதீர்கள் என்பேன். அது குரலோடு குளிர்சாதனப் பெட்டி, வெளியே போகும் பேருந்து, மேல்வீட்டு நடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். 1960-களின் நடுவிலிருந்து விற்கிற ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் தன் முன்னால் இருப்பதையே பெரிதாகக் கேட்கும், பழையதாக வாங்கினாலும் உழைக்கும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை 1982-இல் நியூ ஜெர்சி வீட்டுப் படுக்கையறையில், நான்கு டிராக் கேசட் கருவியில், இரண்டு எஸ்எம்57 வைத்துப் பதிவுசெய்தார். பிறகு இசைக்குழுவோடு அதே பாட்டுகளை ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தும், கடைசியில் வெளியிட்டது அந்தக் கேசட்டைத்தான்.

நெருங்கினால் வேறு இரண்டு சங்கதிகள் வரும். ஒன்று, குரலில் அடித்தாழ்வு ஊதிப்பெருகும்; 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 200 பக்கம் கொஞ்சம் குறையுங்கள். மற்றது நம் மொழியைச் சார்ந்தது. சொல்லின் தொடக்கத்து 'ப' மைக்கில் குண்டுபோல் வெடிக்கும். 'ச்ச', 'ஸ' கூசும். ஆங்கிலப் பாட்டுக்காரர் சொல்லும் யோசனைகளில் இல்லாத ஒன்று, 'ட்ட', 'க்க' போன்ற இரட்டிப்புகள்: மெல்லப் பாடும்போது அந்த அடைப்பில் குரல் முழுக்க அறுந்து, கம்ப்ரஷன் போட்டிருந்தால் அந்த இடைவெளியில் அறையிரைச்சல் மேலே எழும்பும். நான் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தோரமாகச் சரித்து வைக்கிறேன், கம்ப்ரஷனின் ரிலீஸை மெதுவாக்குகிறேன். இரட்டிப்பு மிகுந்த வரியை மெட்டிலேயே சற்று நீட்டிவிடுவதும் உண்டு. ழகரமும் நகரமும் இந்த நெருக்கத்தில் கேட்க அவ்வளவு இனிமை. அவற்றை நிறையப் போட்டு எழுதுங்கள்.

அறைக்கு நுரைப்பலகை வாங்க வேண்டாம். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் குளிர்கால மேலங்கியும் தடித்த போர்வையும் இருக்கின்றன. அவற்றைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். மைக் கேட்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அலமாரிக்குள் புகுந்து பாடினால் கூர்மை எல்லாம் உறிஞ்சப்பட்டு, கீழ்ச்சுரங்கள் மட்டும் பெட்டிக்குள் முழங்கும்.

பருவத்தையும் பாருங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் பிற்பகல் மூன்றே காலுக்கெல்லாம் இறங்கிவிடும். புதுப்பனி கொட்டிய இரவில் அது ஒலியை விழுங்கிக்கொள்ளும்; தெருவே பஞ்சுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். எனக்குக் கிடைத்த நல்ல டேக்குகளில் பல அப்படிப்பட்ட இரவுகளில் வந்தவை. விடிய முன் பனி வழிக்கும் வண்டி வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். கோடையில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம், சன்னலைத் திறந்தால் கடற்காகம். அது எழுதுவதற்கான காலம்.

கிற்றாருக்கோ குளிர்காலம் கொடியது. வெளியே மைனஸ் 10 பாகைக் காற்றை உள்ளே 21-க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். மரக் கிற்றாருக்கு வேண்டியது 45 முதல் 55. காய்ந்தால் முன்பலகை உள்வாங்கும், கம்பி ஃபிரெட்டில் உரசும், கடைசியில் பலகையே வெடிக்கும். ஒரு ஈரப்பதமானியும், கிற்றார்ப் பெட்டிக்குள் நனைத்த கடற்பஞ்சு வைத்த சின்ன டப்பாவும் போதும். வெளியிலிருந்து கொண்டுவந்தால் பெட்டியை உடனே திறக்காமல் சில மணி நேரம் அறைச்சூட்டில் விடுங்கள்.

நம் பெரியவர்கள் கேட்டுவிட்டு "இது டெமோவா பிள்ளை, முழுசா எப்ப வரும்?" என்பார்கள். வயலின் கூட்டமும் நீண்ட ரிவெர்பும் நிறைந்த சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுகள் அவை, எனதும்தான். அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது, பதிலை மரியாதையோடு சொல்ல வேண்டும்: "இதுதான் மாமா முழுசு." வீட்டில் பதிவுசெய்தாலே ஒலி கரடுமுரடாகத்தான் இருக்கும் என்றில்லை. ஏ.ஆர். ரகுமானின் பஞ்சதன் அவர் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோ. 1992-இன் 'ரோஜா' அங்கிருந்து எவ்வளவு துல்லியமாக வந்தது! துல்லியமும் கரடும் நாம் தேர்ந்தெடுப்பவை. நான் கரட்டைத் தேர்ந்தது, இந்தப் பாட்டுகள் ஒரு வீட்டுக்குள் நடப்பவை என்பதால். அதற்காகச் செயற்கையாகக் கேசட் இரைச்சல் சேர்க்கும் மென்பொருளை நான் தொடுவதில்லை. வீட்டில் உண்மையாகவே இருந்த சத்தம் போதும். லோ-ஃபை என்பதற்காகச் சுருதி விலகலையும் தாளப் பிசகையும் விட்டுவைக்கவும் மாட்டேன். இரைச்சலைக் காது மன்னிக்கும், அபசுரத்தை மன்னிக்காது.

24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். மாஸ்டரிங்கில் நசுக்கிச் சத்தம் ஏற்றுவதில் பயனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒலியளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடும். நசுக்கிய பாட்டு அங்கே தட்டையாகக் கேட்கும்.

பலரும் கோட்டைவிடும் இடம் உரிமைப் பதிவு. நோர்வேயில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியதை வசூலிப்பது 1928-இல் தொடங்கிய டூனூ. வானொலியிலும் கடைகளிலும் பதிவு ஒலிக்கும்போது பாடியவர், வாசித்தவர், பதிவின் உரிமையாளர் ஆகியோருக்குரியதைத் தருவது கிராமோ. வீட்டில் தனியாக ஆல்பம் செய்கிறவர் இந்த எல்லாப் பாத்திரங்களும் தானே. எனவே இரண்டிலும் சேர வேண்டும். கிராமோவில் கலைஞராகவும் தயாரிப்பாளராகவும் தனித்தனியே பதிய வேண்டும். கிற்றாரில் ஒரு பாட்டுக்கு உதவிய நண்பர் இருந்தால், அவர் பெயரையும் பங்கையும் பாட்டு வெளிவருமுன் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வானொலிக்குப் போன பிறகு அந்தப் பேச்சை எடுப்பது இருவருக்கும் சங்கடம்.