விதிகள் அட்டவணையில் இருக்கட்டும்

அன்புள்ள கதிர்,

ஊர் நூலகத்தின் உறுப்பினர் பட்டியலைத் திருத்த ஒரு சின்ன மென்பொருள் எழுதப்போவதாகச் சொன்னாய். எந்தக் கணினியிலும் ஓட வேண்டும், இணையம் இல்லாத நாளிலும் வேலை செய்ய வேண்டும் என்கிறாய். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்: விதிகளைத் தரவுத்தளத்தில் வை, திரையில் வைக்காதே.

கருவிக்கு அலைய வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் போதும். அதற்குத் தனி சர்வர் கிடையாது. தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருப்பதால் பென்டிரைவில் எடுத்துப்போய் விண்டோஸிலும் லினக்ஸிலும் அப்படியே திறக்கலாம். அதற்கான மாட்யூல் 2006-இல் வந்த 2.5 பதிப்பு முதல் பைதானோடு சேர்ந்தே வருகிறது. படிவம் வரைய டிகிண்டர் இருக்கிறது.

பெயருக்கு ஒரு பெட்டி, முகவரிக்கு ஒரு பெட்டி என்று கையால் அடுக்காதே. ‘பிராக்மா டேபிள்_இன்ஃபோ’ என்று கேட்டால் ஒவ்வொரு பத்தியின் பெயர், வகை, அதைக் காலியாக விடலாமா என்பதையெல்லாம் எஸ்க்யூலைட்டே சொல்லிவிடும். அதைப் படித்து, படிவம் தானாக உருவாகும்படி எழுது. நாளைக்கு நூலகர் மின்னஞ்சலும் வேண்டும் என்றால் அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தால் முடிந்தது. ஒரே உறுப்பினர் எண் இருவருக்கு வரக் கூடாது என்பதையும் அட்டவணையிலேயே எழுதிவிடு. பிறகு யார் எந்தத் திரையிலிருந்து திருத்தினாலும் அந்தக் காவல் இருக்கும். ஓர் அட்டவணை இன்னொன்றைச் சரியாகச் சுட்டுகிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனை மட்டும் பொதுவாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைப்பைத் திறக்கும்போதும் நீதான் அதைப் போட வேண்டும்.

தொலைபேசி எண்ணை எண் வகையில் வைக்காதே. தஞ்சாவூரின் எஸ்.டி.டி. குறியீடான 04362 அங்கே 4362 ஆகிவிடும். கூட்டிக் கழிக்கப் போகாத எண் எதுவாக இருந்தாலும் அதை எழுத்தாகவே வை.

தமிழ்ப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். ‘கோபால்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எஸ்க்யூலைட்டுக்கு இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகையில் பதிந்த கோபாலை இன்னொன்றில் தட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம். புத்தகம் கேட்டு வந்த பிள்ளையிடம் ‘உன் பெயரே இல்லை’ என்று சொல்லும் நிலை வரக் கூடாது. ஆகவே சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை, இரண்டான குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்று. பைதானில் அது ஒரு வரி வேலை.

ஒரே பதிவை இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்திருப்பார்கள். பின்னால் சேமித்தவர் முன்னவரின் திருத்தத்தை அறியாமலே அழித்துவிடுவார். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் கொடு. திறந்தபோது இருந்த எண் இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் திருத்து, கூடவே எண்ணை ஒன்று கூட்டு. எந்த வரியும் மாறவில்லை என்று பதில் வந்தால் புதிய மதிப்பையும் அவர் தட்டியதையும் அருகருகே காட்டி, எது வேண்டும் என்று அவரையே கேள். கோப்பை மட்டும் நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பல கணினிகளிலிருந்து திறக்க விடாதே. அங்கே பூட்டு சரியாக வேலை செய்யாவிட்டால் கோப்பே கெட்டுவிடும்.

முதல் வடிவம் தயாரானதும் நூலகர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பதிவதைப் பேசாமல் பார். கை எங்கே மவுஸுக்குப் போகிறதோ அங்கே டேப் விசையின் வரிசையைச் சரிசெய்.

நிறம், ஐகான் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் நகல் எடுக்க ஒரு பொத்தான் வை. பைதான் 3.7 முதல் அதற்கான பேக்கப் வசதி உள்ளேயே இருக்கிறது. எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே மென்பொருளை நூலகரிடம் கொடு.

அன்புடன்,
சித்தப்பா