மோட்டார் வண்டி உயிர்பெறும் விதம்

சென்ற விடுமுறையில் பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குப் புறப்படவிருந்த எங்கள் வாடகைக் கார், சாவியைத் திருப்பியதும் ‘டக்’கென்று ஓரொலி எழுப்பி அடங்கிற்று. நால்வர் தள்ளியும் பயனில்லை. அன்றெழுந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

முன்னர் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே எஞ்சினை எழுப்பினர். அஃது எதிர்த்துதைத்து ஓட்டுநர் கையெலும்பை முறித்ததும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் வந்தபின்பே அவ்விடர் நீங்கலாயிற்று.

சாவி திரும்பியதும் சிறு மின்னோட்டம் சாலினாய்டை அடையும். அது காந்தமாகிச் சிறு பற்சக்கரத்தைத் தள்ளி ஃப்ளைவீலின் பற்களோடு கோத்து, பாட்டரியின் பெருமின்னோட்டத்திற்கும் வழிதிறக்கும். 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட அவ்வோட்டத்தால் மோட்டார் சுழன்று எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சாவியை விட்டால் பற்சக்கரம் பின்வாங்கும்.

பழுது நாடுவோர் கியரை நடுநிலையில் வைத்து, முன்விளக்கை ஏற்றிச் சாவியைத் திருப்புக. ஒளி மிக மங்கின், பாட்டரி வலிகுன்றியிருக்கலாம். அன்றி அதன் முனைகள் பூத்துத் தளர்ந்திருக்கலாம். 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் 12.6 காட்டுதல் நிறைவு. ஒளி மங்காது ஒலிமட்டும் கேட்பின் சாலினாய்டையோ மோட்டாரையோ ஐயுறுக. மோட்டார் வீணே சுழலின் பற்கள் கோக்கவில்லை. எஞ்சின் நன்கு சுழன்றும் ஓடாவிடின் குற்றம் ஸ்டார்ட்டருடையதன்று. பெட்ரோலையும் தீப்பொறியையும் நோக்குக.

எங்கள் வண்டியின் விளக்கோ மின்மினியாய் மங்கிற்று. ஓட்டுநர் பாட்டரி முனையைச் சுரண்டி இறுக்கிய அளவில் எஞ்சின் முழங்கிற்று; தள்ளிய களைப்பே எமக்கு மிச்சம்.