லடாக்கில் பிள்ளைகளோடு

வேனிலேயே ஊர் ஊராகச் சுற்றும் குடும்பம் நாங்கள். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. ஜூலையில் மணாலி வழியாக லடாக் போக ஆசை. பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா?
– வாசகி, திருப்பூர்

தாராளமாகப் போங்கள். மணாலி வழி மட்டும் வேண்டாம். அதில் 4,000 மீட்டருக்கு மேல் இரவு தங்க நேரும். ஸ்ரீநகரிலிருந்து கிளம்புங்கள். முதலில் கார்கில், பிறகு சிந்து நதிக்கரையில் ஆல்ச்சி. சுமார் 3,100 மீட்டர்தான். அடுத்துப் போகும் லே நகரம் அதைவிட 400 மீட்டர் உயரம். லீவு தீர்ந்துபோகும் அவசரம் உங்களுக்கு இல்லையே, ஆல்ச்சியில் மூன்று நாள் தங்குங்கள். ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவே பிள்ளைகள் ஆசைதீர விளையாடட்டும்.

மூன்று வயதுப் பிள்ளைக்குத் தலைவலியைச் சொல்லத் தெரியாது. காரணமில்லாத சிணுங்கல், சாப்பாடு வேண்டாம் என்பது, வாந்தி, விளையாடாமல் சுருண்டு படுப்பது, இவற்றில் எது வந்தாலும் உயரம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல். பையன் வளர்ந்ததும் பார்க்கலாம். லே பழகியபின், லிகிர் கிராமத்துப் பக்கம் மகளோடு கொஞ்ச தூரம் மலைப்பாதையில் நடந்து பாருங்கள். கால் வலிக்கிறது என்றால் திரும்பிவிடுங்கள். வேன் பக்கத்தில்தானே இருக்கிறது!